அடி வாங்காத நாயகர்கள்

சீனத் தொலைக்காட்சியின் வாள்வீரத் தொடர்களில் நாயகனின் பலம் ஏறிக்கொண்டே போகிறது. கதையின் பலமோ இறங்கிக்கொண்டே வருகிறது. கோளாறு எங்கே?

1983-ம் ஆண்டு. ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி நிறுவனம் ஒரு வாள்வீரத் தொடரைப் படமாக்கிக்கொண்டிருந்தது. கதையில் வரும் கொடூர வில்லியின் கையால் அடிபட்டுச் சாக வேண்டிய சிறு வேடம் ஒரு இளம் துணை நடிகருக்கு. அவர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். முதல் அடியைக் கையால் தடுத்துவிட்டு இரண்டாவது அடியில் சாகலாமா? நேரம் வீணாகும் என்று மறுத்துவிட்டார்கள். அவரும் முதல் அடியிலேயே செத்து விழுந்தார்.

அந்தத் துணை நடிகர்தான் ஸ்டீஃபன் சோவ். பின்னாளில் ஹாங்காங் சினிமாவின் நகைச்சுவை மன்னராகிவிட்ட அவரது அந்த நாள் அனுபவம், ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் ஒரு விவரம் இருந்தது. சாகப் போகிறவன் ஒரு கையைத் தூக்கித் தடுத்தால்தான் அடிப்பவளின் பலம் பார்ப்பவருக்குத் தெரியும். தடுக்கவே ஆளில்லாத இடத்தில் பலத்துக்கு என்ன மரியாதை?

அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று சீன வாள்வீரத் தொடர்களைப் பார்ப்பவர்களின் பெரிய புகார் இதுதான்: எதிரில் நிற்கிறவன் கையைத் தூக்குவதே இல்லை. நாயகன் வருகிறான். வெள்ளை அங்கி காற்றில் மெதுவாக அசைகிறது. விரலை நீட்டுகிறான். கம்ப்யூட்டரில் வரைந்த நீல ஒளி பாய்கிறது. இருபது பேர் பின்பக்கமாகப் பறந்து போய் விழுகிறார்கள். நாயகனின் தலைமுடி கூடக் கலைவதில்லை. இது முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் முப்பது, நாற்பது எபிசோடுகளை என்ன செய்வது?

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. யாராலும் வெல்ல முடியாத நாயகனை வைத்துக்கொண்டு கதையை நகர்த்தக் கதாசிரியருக்கு ஒரு வழிதான் இருக்கிறது. அவனை முட்டாளாக்க வேண்டும். எனவே, மலையைப் பிளக்கும் நாயகன் யாரோ எழுதிப் போட்ட பொய்க் கடிதத்தை நம்பிக் காதலியைச் சந்தேகிக்கிறான். பத்து எபிசோடுகளுக்கு அவளோடு பேசுவதில்லை. அவளோ ஒரே ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடக்கூடிய விஷயத்தைச் சொல்லாமல் மழையில் நனைந்தபடி நிற்கிறாள். வில்லன் நாயகனைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பில் தன் திட்டத்தை விளக்கிச் சொற்பொழிவாற்றுகிறான். அசகாய சூரனான நாயகனும் அரைகுறைக் கதையும் தனித்தனி நோய்கள் அல்ல. முதலாவது முற்றும்போது இரண்டாவது தானாகவே வந்துவிடுகிறது.

சீன ரசிகர்கள் இந்தக் குறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஆபத்திலும் சாகாமல் காப்பாற்றுவது ‘நாயகனின் ஒளிவட்டம்’. திடீரென்று அவனுக்கு அபார சக்தி வந்தால், கம்ப்யூட்டர் விளையாட்டில் திருட்டு மென்பொருளை மாட்டிக்கொண்டு ஜெயிப்பதைக் குறிக்கும் சொல்லால் கிண்டல் செய்கிறார்கள். சும்மா இழுக்கப்படும் தொடருக்கு ‘தண்ணீர் ஏற்றியது’ என்று பெயர். எடை கூட்டுவதற்காக இறைச்சியில் தண்ணீரை ஊசி வழியாக ஏற்றும் கசாப்புக் கடை மோசடியிலிருந்து வந்த சொல் அது. பாலில் தண்ணீர் கலப்பதைப் பார்த்துப் பழகிய இந்திய ரசிகருக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்திய ரசிகர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் சீனத் தொடர்களை வழங்கிவந்த வீடிவியும் ஒன்று. ஆனாலும் யூடியூப் வழியாக ஆங்கில வசன வரிகளுடன் இந்தத் தொடர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு தொடரில் மாட்டிக்கொண்டவர் அடுத்ததற்குப் போகிறார். மூன்றாவது தொடரில் அவருக்கும் அந்தச் சந்தேகம் வருகிறது: இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோமோ?

முடிவில்லாத சண்டையில் பிறந்த கதை

வாள்வீரத்தையும் அறத்தையும் இணைத்துப் பேசும் கதைகளைச் சீனர்கள் ‘வூஷியா’ என்கிறார்கள். பழைய மரபுதான். ஆனால் அதன் நவீன வடிவம் பிறந்தது ஒரு நிஜச் சண்டையில். 1954 ஜனவரியில் மக்காவில் தாய்ச்சி ஆசான் வூ கோங்யியும் வெண்கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹக்-ஃபுவும் மேடையேறி மோதினார்கள். ஹாங்காங் முழுவதும் அதே பேச்சு. மோதல் இரண்டு சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. சான் ஹக்-ஃபுவின் மூக்கில் ரத்தம். வெற்றி தோல்வி அறிவிக்கப்படவில்லை.

ஊரே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சூட்டில், ‘நியூ ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகை சில நாட்களுக்குள் ஒரு வாள்வீரத் தொடர்கதையைத் தொடங்கியது. எழுதியவர் லியாங் யூஷெங். அடுத்த ஆண்டு அவரது சக ஊழியர் ஒருவரும் ஜின் யோங் என்ற புனைபெயரில் எழுத ஆரம்பித்தார். 1955 முதல் 1972 வரை அவர் எழுதியவை 15 கதைகள். 1959-ல் ‘மிங் பாவ்’ என்ற சொந்தப் பத்திரிகையை ஆரம்பித்து, தன் தொடர்கதைகளைக் கொண்டே அதன் விற்பனையை வளர்த்தார். 2018-ல் தன் 94-வது வயதில் அவர் காலமானபோது, சீன மொழி பேசும் உலகில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இன்றும் எடுக்கப்படும் வாள்வீரத் தொடர்களில் பெரும் பங்கு அவரது கதைகளே. மிச்சமுள்ளவையும் அவரிடமிருந்து கடன் வாங்கியவையே.

ஜின் யோங்கின் நாயகர்களும் பலசாலிகள்தான். ஆனால் அந்தப் பலத்துக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். ‘கழுகு வேட்டை வீரர்கள்’ கதையின் நாயகன் குவோ ஜிங் படிப்பில் படு மந்தம். மங்கோலியப் புல்வெளியில் ஏழு ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தலையால் தண்ணீர் குடித்துக் கற்றுக்கொடுத்தும் தேறவில்லை. பின்னர் அவன் கற்கும் மிகச் சிறந்த வித்தை கூட அவன் சாமர்த்தியத்தால் கிடைத்ததில்லை. சாப்பாட்டுப் பிரியரான ஆசான் ஒருவருக்கு அவன் காதலி ஹுவாங் ரோங் விதவிதமாகச் சமைத்துப் போட, அந்த ருசிக்காக அவர் ஒவ்வொரு அடியாகக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுத் தேர்ந்து, ஆசிரியர்களைப் பறிகொடுத்த பிறகு குவோ ஜிங்குக்கு வரும் கேள்வி, ‘இந்த வித்தையைக் கற்றதே தவறோ?’ என்பது. பிந்தைய கதையில் அவனும் ஹுவாங் ரோங்கும் ஷியாங்யாங் நகரை மங்கோலியரிடமிருந்து காக்கும் போரில் சாகிறார்கள். நிஜ வரலாற்றிலும் 1273-ல் அந்த நகரம் வீழ்ந்தது. நாட்டின் தலைசிறந்த வீரன் வாழ்நாள் முழுவதும் காவல் நின்றும் நகரம் தப்பவில்லை.

‘எட்டுக் கணங்கள்’ கதையின் ஷியாவ் ஃபெங் இன்னும் பலசாலி. அடிதடியில் அவனுக்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் அவன் சீனனே அல்ல, எதிரி இனமான கித்தானியருக்குப் பிறந்தவன் என்பது தெரியவரும் நாளில் அந்தப் பலம் அவனுக்குக் கைகொடுப்பதில்லை. நேற்று வரை தலைவனென்று கொண்டாடியவர்கள் துரத்துகிறார்கள். மழை கொட்டும் இரவில் ஒரு பாலத்தின் மேல் எதிரி என்று நினைத்து அவன் அடிக்கும் அடியில், மாறுவேடத்தில் வந்திருந்த அவன் காதலி செத்துப்போகிறாள். அவளைக் கொன்றது அவனது பலம். கொஞ்சம் பலம் குறைந்தவனாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். வாசகர்கள் இன்றும் அந்தக் காட்சியைப் பேசுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கதையின் தலைப்பு தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர் என்ற பௌத்த நூல்களின் எட்டு வகைக் கணங்களைக் குறிக்கிறது. பெரும் சக்தி படைத்திருந்தும் துன்பத்திலிருந்து தப்பாதவர்கள் அவர்கள். கதையின் கருத்தும் அதுவே.

குரங்கின் வயிற்றில் புத்தகம்

ஜின் யோங்கிடமும் அதிர்ஷ்ட லாட்டரி இல்லாமல் இல்லை. இன்றைய தொடர்களின் எல்லா வரங்களுக்கும் வேர் அவரிடமே இருக்கிறது. ‘விண் வாளும் நாகக் கத்தியும்’ கதையில் ஜாங் வூஜி மலை உச்சியிலிருந்து விழுந்து யாருக்கும் தெரியாத பள்ளத்தாக்கில் சிக்குகிறான். அங்கே வயிற்றில் புண்ணோடு ஒரு குரங்கு. வைத்தியம் தெரிந்த அவன் அறுத்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய நூல். இந்தியாவிலிருந்து போன இலங்காவதார சூத்திரம்! அதன் வரிகளுக்கு நடுவே யாரோ எழுதி வைத்திருந்த வித்தையைப் படித்து, ஐந்து ஆண்டுகளில் உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவனாக வெளியே வருகிறான்.

இதைவிட அதிர்ஷ்டம் எந்த நாயகனுக்கும் வாய்த்திருக்காது. ஆனால் ஜின் யோங் அடுத்து என்ன செய்கிறார் என்பதே முக்கியம். ஆறு பெரிய வீரப் பள்ளிகளின் தாக்குதலை ஜாங் வூஜி தனியாளாக முறியடிக்கும் நாளிலேயே, சிறு வயதில் தனக்கு ஒரு வாய் சோறு ஊட்டிய பெண்ணின் வாள் அவன் மார்பில் இறங்குகிறது. அவள் குத்தமாட்டாள் என்று நம்பி அவன் விலகாமல் நின்றதுதான் காரணம். அவனுக்கு உடம்பில் பலம் வந்தது, ஆட்களை எடைபோடும் புத்தி வரவில்லை. நான்கு பெண்களுக்கு நடுவே முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கிறான். கடைசியில் அவனை அரசியலிலிருந்து ஓரங்கட்டிவிட்டு, அவனுக்குக் கீழே இருந்த ஒருவர் 1368-ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசராகிறார். வரம் கிடைத்த இடத்தில் கதை முடியவில்லை. அங்கேதான் நிஜமான தொல்லைகள் ஆரம்பிக்கின்றன.

தினசரிப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவது ஆபத்தான தொழில். அடுத்த நாள் வாசகன் பத்திரிகையை வாங்க வேண்டும். எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. ‘எட்டுக் கணங்கள்’ வெளிவந்துகொண்டிருந்தபோது ஜின் யோங் வெளிநாடு போக வேண்டியிருந்தது. நண்பர் நி குவாங்கை எழுதச் சொல்லிவிட்டு, யாரையும் கொன்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நி குவாங் யாரையும் கொல்லவில்லை. தனக்குப் பிடிக்காத ஆ-ஜி என்ற பெண் பாத்திரத்தின் கண்களைப் பறித்துவிட்டார். திரும்பி வந்த ஜின் யோங் ஒரு மூலிகையைக் கொண்டுவந்து பார்வையைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. அவளைக் காதலிக்கும் ஒருவன் தன் கண்களையே அவளுக்குக் கொடுக்கிறான். கதையின் முடிவில் அவள் அந்தக் கண்களைப் பிடுங்கி எறிகிறாள். நண்பர் செய்த குறும்பு கூடக் கடைசி அத்தியாயம் வரை விளைவுகளோடு தொடர்ந்தது. இன்றைய தொடர்களில் கண் தெரியாமல் போனால் அதிகபட்சம் மூன்று எபிசோடுகளில் சரியாகிவிடும்.

ஒரு யுவானும் பல கோடிகளும்

தொலைக்காட்சிக்கு வந்த ஆரம்ப காலத்தில் இந்தக் கதைகள் அதிகம் சேதமாகவில்லை. ஸ்டீஃபன் சோவ் செத்து விழுந்த அந்த 1983 தொடர் குவோ ஜிங்கின் கதைதான். 59 எபிசோடுகள். ஸ்டுடியோ பாறைகள் அட்டை என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் ஃபெலிக்ஸ் வோங்கின் அசட்டு குவோ ஜிங்கும் பார்பரா யுங்கின் குறும்புக்கார ஹுவாங் ரோங்கும் சீனாவின் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டார்கள். இன்று வரை ஒவ்வொரு புதிய தொடரும் அந்த ஜோடியோடு ஒப்பிட்டே மதிப்பெண் பெறுகிறது.

அடுத்து வந்தது சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி. ‘நகைக்கும் நாடோடி’ கதையை ஜின் யோங் அதற்கு வெறும் 1 யுவானுக்குக் கொடுத்தார். தயாரிப்பாளர் ஜாங் ஜிஜோங்கின் மேற்பார்வையில் 40 எபிசோடுகளாக 2001-ல் அது ஒளிபரப்பானது. நிஜ மலைகள், நிஜ அருவிகள், பெரிய செலவு. தொடர்ந்து 2003-ல் குவோ ஜிங்கின் கதையும் ஷியாவ் ஃபெங்கின் கதையும் வந்தன. வாள்வீரத் தொடர் பெரும் வணிகமானது. பணம் வந்தது. கூடவே பணத்தின் கணக்கும் வந்தது.

அந்தக் கணக்கு எளிமையானது. தொலைக்காட்சி நிலையங்கள் தொடரை எபிசோடு கணக்கில் வாங்குகின்றன. ஒரு கதையை 30 எபிசோடுகளில் சொன்னால் 30 எபிசோடுகளுக்குப் பணம், 50-க்கு இழுத்தால் 50-க்கு. செட்டும் உடையும் குதிரையும் ஏற்கெனவே இருப்பதால் கூடுதல் எபிசோடுக்கு ஆகும் செலவு குறைவு, லாபம் அதிகம். 2015 ஜனவரி 1 முதல் இந்த ஆசைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அதுவரை ஒரே தொடரை முக்கிய நேரத்தில் நான்கு செயற்கைக்கோள் சேனல்கள் வரை பகிர்ந்து வாங்கி ஒளிபரப்பலாம். அன்று முதல் இரண்டுதான் என்று அரசு விதித்தது. வாங்குபவர்கள் பாதியானபோது, விற்பவர்கள் சரக்கின் நீளத்தைக் கூட்டினார்கள்.

செலவின் இன்னொரு பெரும் பகுதி நட்சத்திரங்களுக்குப் போனது. நடிகர்களின் மொத்தச் சம்பளம் தயாரிப்புச் செலவில் 40 சதவீதத்தையும், அதில் முக்கிய நடிகர்களின் பங்கு 70 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று 2017-ல் தொழில்துறை சங்கங்களே வரம்பு விதிக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்குச் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தை மண்ணில் புரட்டி அடிப்பதற்கு எந்த இயக்குநருக்கு மனம் வரும்? அழகான முகத்தில் காயம் தெரியக் கூடாது. நாயகன் தோற்றால் ரசிகர் மன்றங்கள் கொதிக்கும். நட்சத்திரத்துக்கு வாள் பயிற்சிக்கு நேரமில்லை என்பதால் சண்டைக்கு டூப். டூப்பின் முகம் தெரியக் கூடாது என்பதால் காமிரா சுழன்றுகொண்டே இருக்கிறது. மிச்சத்தை மெதுவோட்டமும் ஒளிக்கற்றைகளும் பார்த்துக்கொள்கின்றன. நாயகன் அடி வாங்காததற்கு அவனது வித்தை மட்டும் காரணமல்ல. அவனது சம்பளமும் ஒரு காரணம்.

கதையையும் நட்சத்திரத்துக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள். ‘நகைக்கும் நாடோடி’ நாவலில் லிங்ஹு சோங் பெரும்பாலான நேரம் நோயாளி. அவனைக் குணமாக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஆறு கோமாளிச் சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கம் உள் ஆற்றலைச் செலுத்த, அவை உடம்புக்குள் மோதி அவன் பலத்தையே முடக்கிவிடுகின்றன. வாள் வித்தை தெரியும், வாளைப் பிடிக்கத் தெம்பில்லை. அவனை வைத்து எழுதப்பட்ட ஒவ்வொரு சண்டையிலும் அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தது இதனால்தான். அதே நாவலின் தோங்ஃபாங் பூபாய், ஒப்பற்ற பலத்துக்காகத் தன் ஆண்மையையே வெட்டி எறிந்தவன். கதையில் சில பக்கங்களே வருகிறான். பலத்துக்கு மனிதன் கொடுக்கும் விலைக்கு அதைவிடக் கொடூரமான உதாரணம் கிடையாது. யூ ஜெங் தயாரிப்பில் 2013-ல் வந்த தொடரில் தோங்ஃபாங் பூபாய் பிறவியிலேயே பெண். லிங்ஹு சோங்கின் காதலி. முடிவில், அவன் விரும்பும் இன்னொரு பெண்ணின் உயிரைக் காக்கத் தன் இதயத்தையே எடுத்துக் கொடுக்கிறாள். தொடர் நன்றாக ஓடியது. ஆனால் பலத்துக்கும் விலைக்கும் இருந்த கணக்கு அறுந்து, கண்ணீர் மட்டும் மிஞ்சியது.

ஏணியில் ஏறும் நாயகர்கள்

இன்னொரு புயல் இணையத்திலிருந்து வந்தது. ‘ச்சிதியான்’ என்ற சீன இணையதளம் 2003-ல் கட்டணம் கொடுத்துப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1,000 எழுத்துகளுக்குச் சில காசுகள். தினமும் எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும், நிறுத்தவே கூடாது. அப்படி எழுதுகிறவருக்கு வசதியான கட்டமைப்பு ஏணிதான். நாயகன் கீழ்ப் படியில் இருக்கிறான். அவமானப்படுகிறான். வரம் கிடைக்கிறது. அவமானப்படுத்தியவனை நொறுக்குகிறான். அடுத்த படியில் இன்னும் பெரிய எதிரி. அவனையும் நொறுக்குகிறான். இப்படியே மேலே, மேலே.

2009-ல் தொடங்கிய ‘தோ போ ச்சாங் ச்சியோங்’ இதற்கு நல்ல உதாரணம். பலத்தை இழந்து கேலிக்கு ஆளான ஷியாவ் யான் என்ற பையனுக்கு, அவன் அணிந்திருக்கும் மோதிரத்துக்குள் குடியிருக்கும் கிழவரின் ஆவி குருவாகிறது. 1,600-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் அவன் படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறான். வாசகர்கள் கோடிக்கணக்கில் குவிந்தார்கள். 2018-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இதைப் பின்பற்றி வந்த நூற்றுக்கணக்கான கதைகளில் அதே கேலி, அதே வரம், அதே ஏணி.

ஏணிக் கதையில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. இன்று பெரிய எதிரியாகத் தெரிபவன் நாளை தூசு. உலகையே நடுங்கவைத்த வில்லன், அடுத்த படிக்குப் போனதும் வாயில்காப்போன் அளவுக்குக்கூடத் தேறமாட்டான். எண்கள் ஏறுகின்றன, ஆபத்து ஏறுவதில்லை. எந்தத் தோல்வியும் நிலைப்பதில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு, எந்த வெற்றிக்காகவும் ரசிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. இந்தக் கதைகளைத் தேடிப் போகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இவை தரும் சுகத்துக்குச் சீன மொழியில் ‘ஷுவாங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவது போன்ற சுகம். நாள் முழுவதும் மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுவிட்டு மெட்ரோவில் நின்றபடி வீடு திரும்புகிறவருக்கு, திமிர் பிடித்த ஒருவன் ஒரே அடியில் பறந்து விழுவதைப் பார்ப்பதில் இருக்கும் திருப்தி உண்மையானது. சில நிமிடங்களே ஓடும் செங்குத்துக் குறுந்தொடர்கள் கைபேசிகளில் பெரும் தொழிலாக வளர்ந்திருப்பதும் இதனால்தான். அவற்றில் அவமானத்துக்கும் பழிவாங்கலுக்கும் நடுவே கொட்டாவி விடக்கூட நேரமில்லை.

வாள்வீரத் தொடருக்கு ஆபத்து அங்கேதான். வெறும் ஷுவாங் போதும் என்றால், அதை ஒரு நிமிடத்தில் தர ஆள் வந்துவிட்டார்கள். 40 மணி நேரம் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

பலவீனர்களின் வெற்றி

அந்த வேறு ஏதாவது என்ன என்பதற்கு இரண்டு பதில்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் நாயகன் நோயாளி.

2015-ல் வந்த ‘லாங்யா பாங்’ தொடர் 54 எபிசோடுகள். நாயகன் மெய் ச்சாங்சு ஒரு காலத்தில் துடிப்பான இளம் தளபதி. சதியால் அவன் படை அழிக்கப்படுகிறது. உயிர் பிழைக்கிறான், ஆனால் முகமும் உடலும் மாறிவிடுகின்றன. வாளைத் தூக்க முடியாது. குளிர் தாங்காது. கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே, தன் படையினரின் மீது சுமத்தப்பட்ட துரோகப் பழியைத் துடைக்க ஓர் அரசவையையே புரட்டிப் போடுகிறான். ஹூ கே நடித்த இந்தத் தொடரை யாரும் நீளம் என்று குறை சொல்லவில்லை. குறை நீளத்தில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது என்பதை அது காட்டியது.

2023-ல் வந்தது ‘லியென்ஹுவா லோ’ என்ற 40 எபிசோடுத் தொடர். தெங் பிங் என்பவரின் நாவலைத் தழுவியது. கதை, மற்ற தொடர்கள் முடியும் இடத்தில் ஆரம்பிக்கிறது. உலகின் தலைசிறந்த வாள்வீரன் விஷத்தால் பாதிக்கப்பட்டுக் காணாமல் போகிறான். பத்து ஆண்டுகள் கழித்து, குதிரைகள் இழுக்கும் வீட்டில் ஊர் ஊராகத் திரியும் அரைகுறை வைத்தியனாகத் தென்படுகிறான். பழைய பலத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் அதைச் செலவிட்டால் விஷம் ஏறும். எனவே செங் யி நடித்த அந்த நாயகன் வாளை உருவும் ஒவ்வொரு முறையும் ரசிகருக்குப் பதறுகிறது. வெற்றி நிச்சயம் என்பது தெரியும். அதற்கு அவன் ஆயுளில் எத்தனை நாட்கள் போகும் என்பது தெரியாது. ஒரு சண்டைக் காட்சிக்கு வேண்டியது அந்தத் தெரியாமைதான்.

அரசும் தன் பங்குக்கு ஒரு கத்தரிக்கோலை எடுத்தது. 2020 பிப்ரவரியில் சீன வானொலி, தொலைக்காட்சி நிர்வாகம் தொடர்கள் 40 எபிசோடுகளைத் தாண்டாமலிருக்க வேண்டும் என்றும் 30-க்குள் முடிப்பதை ஊக்குவிப்பதாகவும் அறிவித்தது. தண்ணீர் வடிவதற்கு அது உதவலாம். ஆனால் எபிசோடுகளைக் குறைக்க உத்தரவு போடலாமே தவிர, நாயகனைத் தோற்கவிடும் தைரியத்தை உத்தரவால் கொண்டுவர முடியாது. அது கதாசிரியரிடமும், அவரை அனுமதிக்கும் தயாரிப்பாளரிடமும் இருக்கிறது.

ஒரே அடியில் செத்து விழுந்த அந்தத் துணை நடிகர் இதை மறக்கவில்லை. ஸ்டீஃபன் சோவ் 2004-ல் தானே இயக்கிய ‘குங்ஃபூ ஹசில்’ படத்தில் நாயகன் உதவாக்கரை ரவுடி. படத்தின் பெரும் பகுதியில் எல்லோரிடமும் உதை வாங்குகிறான். கத்தி குத்துகிறது, பாம்பு கடிக்கிறது, முகம் வீங்குகிறது. கடைசியில்தான் வானத்திலிருந்து உள்ளங்கையால் அடிக்கும் மகா வித்தை அவனுக்குக் கைவருகிறது. அதைவிட அளவுமீறிய பலம் எந்தத் தொடரிலும் கிடையாது. ஆனாலும் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. அதுவரை அவன் வாங்கிய அடிகளை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

பெட்டிச் செய்தி: வரம் கிடைக்க நான்கு வழிகள்

மலை உச்சி: கீழே விழுகிறவன் சாகமாட்டான். அடியில் குகை இருக்கும், குகையில் ரகசிய நூல் இருக்கும். சாவதற்காக வில்லனைத் தள்ளினாலும் திரும்பி வந்துவிடுவான்.

சாகப் போகும் கிழவர்: 70 ஆண்டுகள் சேர்த்த உள் ஆற்றலை முன்பின் தெரியாத இளைஞனுக்கு ஒரே மாலையில் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவார். ‘எட்டுக் கணங்கள்’ கதையில் அப்படிப் பெறும் அப்பாவித் துறவி ஷூஜு, அது வேண்டாமென்று அழுகிறான். இன்றைய நாயகர்கள் அழுவதில்லை.

விநோத உணவு: பாம்பின் ரத்தம், ஆயிரம் ஆண்டு மூலிகை, விஷத் தவளை. தவறுதலாக விழுங்கினால் போதும்.

மோதிரத்துக்குள் குரு: இணைய நாவல்களின் கொடை. சம்பளம் கேட்காத, விடுமுறை எடுக்காத, பரீட்சை வைக்காத ஆசிரியர்.